பாய்லர் வெடிப்பது தண்ணீர் தீரும்போது அல்ல

எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரில் முதன்முதலாக வெடித்த பாய்லரை வெடிக்க வைத்தவன் நான்தான். "மாப்ள, பாய்லர்ல தண்ணி காலி!" என்று நண்பன் கத்தினான். கையில் தண்ணீர் வாளி இருந்தது. ஓடிப்போய் ஊற்றினேன். அடுத்த நொடி பாய்லர் இல்லை, எஞ்சின் வரிசை இல்லை, என் கேரக்டரும் இல்லை. நான் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

மைன்கிராஃப்டில் ரெயில்கிராஃப்ட் என்ற மாட் (விளையாட்டோடு நாமே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பு) போட்டுப் புதிதாக நீராவிக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 1.7.10, 1.12.2 பதிப்புகளில் நான் ஆடிய ரெயில்கிராஃப்டை ஒட்டியவை. கிரெக்டெக் என்ற இன்னொரு மாட் ஆடுபவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சில வரிகள் உண்டு.

இப்போதே பாய்லர் வறண்டு நிற்கிறதா?

அப்படியானால் மற்றதைப் பிறகு படிக்கலாம். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. கையில் இருக்கும் தண்ணீர் வாளியைப் பெட்டிக்குள் போடுங்கள். பதற்றத்தில் விரல் தவறி ஒரு ரைட் கிளிக் விழுந்தால் போதும், கதை முடிந்தது.
2. பாய்லரை ஒட்டி வரும் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை உடைத்து எடுங்கள். நின்றுபோன பம்ப் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓடத் தொடங்கலாம்.
3. ஃபயர்பாக்ஸை, அதாவது பாய்லரின் அடியில் கரி எரியும் பெட்டியை, திறந்து மீதி எரிபொருளை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பற்றிய கரி எரிந்து முடியும்வரை எரியும். அதை ஒன்றும் செய்ய முடியாது.
4. தள்ளிப் போய் வேறு வேலை பாருங்கள். அவ்வப்போது வந்து வெப்பநிலையை மட்டும் பாருங்கள். 100 டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கிய பிறகுதான் குழாயை மாட்ட வேண்டும்.

பெரிய பாய்லர் ஆற நேரம் எடுக்கும். பொறுமை இல்லாமல் 'இவ்வளவு போதும்' என்று மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நானே, அது இரண்டாவது வெடிப்பு.

ஏன் வெடிக்கிறது?

அடுப்பில் தோசைக்கல்லை மறந்துவிட்டு வந்து பாருங்கள். கல் காய்ந்து கிடக்கும், புகை வரும், அவ்வளவுதான். அதில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்' என்று ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மாட் எழுதியவர் பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். சூடான பாய்லரில் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குப் போகலாம், தவறில்லை. பூஜ்ஜியத்தில் இருக்கும்போது, சூடு குறையாத நிலையில், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்தால் வெடிக்கும். சொட்டு வாளியிலிருந்து வந்ததா குழாயிலிருந்து வந்ததா என்பது அதற்கு முக்கியமில்லை.

புதிதாக வருபவர்கள் வேறொன்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்: நீராவி நிரம்பினால் வெடித்துவிடுமோ, குக்கருக்கு வெயிட் போல ஏதாவது வைக்க வேண்டுமோ என்று. வேண்டாம். நீராவி நிரம்பி வழிந்தால் எரிபொருள் வீணாகும், பாய்லர் வெடிக்காது. நிஜ உலகில் அழுத்தம்தான் எமன். 1803-இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த எஞ்சின் வெடித்து 4 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வு திறக்கவிடாமல் கட்டப்பட்டிருந்தது. விளையாட்டில் அந்த வால்வே கிடையாது. ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு டிரெவிதிக் செய்த இன்னொரு காரியம் நமக்கு அப்படியே பயன்படும். அதைக் கீழே 'நெருப்பை நிறுத்தும் கம்பி' பகுதியில் சொல்கிறேன்.

ஆகவே நம் வேலை இரண்டே. தண்ணீர் நிற்காமல் வர வேண்டும். எப்போதாவது நின்றுவிட்டால், பாய்லருக்குள் தண்ணீர் தீர்வதற்கு முன்னால் நெருப்பு தீர்ந்திருக்க வேண்டும். முதல் வேலையை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

எந்த அளவு பாய்லர்?

ரெயில்கிராஃப்ட் பாய்லர் என்பது கீழே ஃபயர்பாக்ஸ், மேலே டேங்க்குகள். டேங்க்கில் இரண்டு வகை: இரும்புத் தகட்டில் செய்யும் குறைந்த அழுத்த வகை 500 டிகிரி வரை போகும், எஃகுத் தகட்டில் செய்யும் உயர் அழுத்த வகை 1000 டிகிரி வரை போகும். ஒரு டேங்க்குக்கு முதல் வகை டிக்குக்கு (வினாடியில் இருபதில் ஒரு பங்கு) 10 மில்லிபக்கெட் (பக்கெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீராவி தரும், இரண்டாம் வகை 20 தரும். மிகச் சிறியது ஒரே டேங்க். மிகப் பெரியது மூன்றுக்கு மூன்று அடித்தளத்தில் நான்கு அடுக்கு, அதாவது 36 டேங்க்.

யூடியூபில் எல்லோரும் 36 டேங்க் உயர் அழுத்தப் பாய்லரைத்தான் காட்டுவார்கள். டிக்குக்கு 720 மில்லிபக்கெட் நீராவி, 18 இண்டஸ்ட்ரியல் எஞ்சின்களை ஓட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் பாய்லராக அதைக் கட்டாதீர்கள். சூடேற ஏகப்பட்ட கரி தின்னும், ஆற நேரம் எடுக்கும், தவறு செய்தால் சுற்றியுள்ளதையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டுக்கு இரண்டு அடித்தளத்தில் இரண்டு அடுக்கு, 8 குறைந்த அழுத்த டேங்க், அதில் தொடங்குங்கள். அது ஒரு மாதம் வெடிக்காமல் ஓடினால் பிறகு பெரிதாகப் போகலாம்.

தண்ணீர்க் கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் குழாய் இழுக்காதீர்கள். ஒரு மில்லிபக்கெட் தண்ணீர் 160 மில்லிபக்கெட் நீராவியாகிறது. (நிஜத்தில் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரியும். விளையாட்டு நம்மிடம் கருணை காட்டியிருக்கிறது.) வினாடிக்கு 20 டிக்.

8 டேங்க் குறைந்த அழுத்தம்: டிக்குக்கு 80 நீராவி. 160-ஆல் வகுத்தால் அரை மில்லிபக்கெட் தண்ணீர். மணிக்கு 36 பக்கெட்.

36 டேங்க் உயர் அழுத்தம்: 720 நீராவி, அதாவது 4.5 மில்லிபக்கெட் தண்ணீர். மணிக்கு 324 பக்கெட்.

இது பாய்லர் முழுச் சூட்டில் இருக்கும்போது. சூடேறும் நேரத்தில் குறைவாகவே குடிக்கும். முதல் அரை மணி எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உங்கள் தண்ணீர் மூலம் டிக்குக்கு 4 தருகிறது, தேவை 4.5 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை அரை மில்லிபக்கெட்தானே என்று தோன்றும். மணிக்கு 36 பக்கெட் அது. வழியில் 100 பக்கெட் சேமிப்பு இருந்தால் ஏறக்குறைய 2 மணி 47 நிமிடத்தில் காலி. காலியான அந்தக் கணத்தில் குழாய் நின்றுவிடவில்லை, அடுத்த சொட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. வறண்ட சூடான பாய்லருக்குள் அந்தச் சொட்டு விழுகிறது. நீங்கள் சுரங்கத்தில் வைரம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், தொலைவில் 'டும்' என்று கேட்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீரே வராத குழாயைவிடப் போதாமல் வரும் குழாய் ஆபத்து. வராத குழாயால் பாய்லர் வறண்டு சும்மா நிற்கும். போதாத குழாய் அதை நிச்சயமாக வெடிக்க வைக்கும். 'நேற்றுவரை நல்லா ஓடிச்சு, நான் எதையும் தொடல' என்று வருபவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். தேவையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

மூலங்களைப் பற்றி என் அபிப்பிராயம்:

தெர்மல் எக்ஸ்பான்ஷன் மாட் இருந்தால் அதன் அக்வியஸ் அக்யுமுலேட்டர் என்ற தண்ணீர் இயந்திரம். இரண்டு பக்கம் தண்ணீர் மூலக் கட்டம் வைத்தால் போதும், மின்சாரம் வேண்டாம், 36 டேங்க்குக்கும் தாராளம். ஒன்று போதும், ஆனாலும் நான் இரண்டு வைப்பேன்.

பில்ட்கிராஃப்ட் மாட்டின் பம்ப் நல்லதுதான், இரண்டுக்கு இரண்டு வற்றாத குட்டையின் மேல் வைத்தால். ஆனால் அந்தப் பம்புக்குச் சக்தியை அதே பாய்லரின் எஞ்சினிலிருந்து எடுக்காதீர்கள். நீராவி கொஞ்சம் குறைந்தால் பம்ப் மந்தமாகும், பம்ப் மந்தமானால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் நீராவி குறையும். கடைசியில் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பம்புக்குத் தனியாக ஒரு ரெட்ஸ்டோன் எஞ்சின் வையுங்கள், எரிபொருள் கேட்காது.

ரெயில்கிராஃப்டின் மரத் தண்ணீர்த் தொட்டி வானத்தைப் பார்த்து இருந்தால் தானாக நிரம்பும். ஈரமான பயோமில் (நிலப்பகுதியில்), மழையில் நன்றாக வரும். பாலைவனத்தில் அதை மட்டும் நம்பிப் பெரிய பாய்லர் கட்டுவது, ஆடி மாதக் காவிரியை நம்பிச் சித்திரையில் நாற்று விடுவது மாதிரி.

குழாய்

தண்ணீர்க் குழாயும் நீராவிக் குழாயும் எங்கேயும் தொடக்கூடாது. ஒரே வகைக் குழாய் பக்கத்தில் பக்கத்தில் போனால் தானே ஒட்டிக்கொள்ளும், நீராவி தண்ணீர்க் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். தண்ணீரை ஒரு பக்கம் கீழே கொடுங்கள், நீராவியை மறுபக்கம் மேலே எடுங்கள். வேலை முடிந்தது.

எல்லாம் ஒரே சங்க்கில்

மைன்கிராஃப்ட் உலகத்தை 16-க்கு 16 சதுரங்களாக, அதாவது சங்க்குகளாக, நறுக்கி வைத்திருக்கிறது. ஆள் அருகில் இல்லாத சங்க் உறங்கிவிடும். பாய்லர் இருக்கும் சங்க் விழித்திருந்து, பம்ப் இருக்கும் சங்க் உறங்கினால் என்ன ஆகும்? பாய்லர் பாட்டுக்கு எரியும், தண்ணீர் வராது, வறளும். நீங்கள் வீடு திரும்பும்போது பம்ப் சங்க் கண்விழிக்கும், தண்ணீர் பாயும். உங்களை வரவேற்க வெடி.

இதில் பாவம், சங்க் லோடர் (சங்க்கை உறங்கவிடாமல் வைக்கும் கட்டம்) வைத்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ரெயில்கிராஃப்டின் சங்க் லோடரான வேர்ல்ட் ஆங்கரைப் பாய்லர் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்பது கட்டம் தள்ளி ஏரிக்கரையில் பம்பை வைத்திருப்பார்கள். ஆங்கர் பாய்லரை மட்டும் விழித்திருக்க வைத்து வெடிப்பை உறுதி செய்கிறது.

1.12.2-இல் F3-யையும் G-யையும் சேர்த்து அழுத்தினால் சங்க் எல்லை தெரியும். 1.7.10-இல் என்இஐ (நாட் இனஃப் ஐட்டம்ஸ்) மாட் இருந்தால் F9. பாய்லர், தண்ணீர் மூலம், சேமிப்புத் தொட்டி, கரி ஊட்டும் ஹாப்பர், ரெட்ஸ்டோன் எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அடக்கிவிடுங்கள். 36 டேங்க் பாய்லருக்கே மூன்றுக்கு மூன்று இடம்தான். பதினாறில் எல்லாம் தாராளமாக அடங்கும். ஏரி தூரத்தில் இருந்தால் ஏரியை மறந்துவிட்டு, பாய்லர் பக்கத்திலேயே இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளுங்கள்.

நெருப்பை நிறுத்தும் கம்பி

டிரெவிதிக்குக்கு வருவோம். அந்த விபத்துக்குப் பிறகு அவர் பாய்லரின் நெருப்புக்கு நேர் மேலே உள்ள தகட்டில் ஒரு ஈய அடைப்பானை வைத்தார். மேலே தண்ணீர் இருக்கும்வரை ஈயம் உருகாது. தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் ஈயம் உருகும், அந்த ஓட்டை வழியாக நீராவி நெருப்பின் மேலேயே பாயும். ஆள் பார்க்க வேண்டியதில்லை, மணி அடிக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்தால் நெருப்பு தானே அடங்கும். பின்னாளில் நீராவி ரயில் எஞ்சின்களிலும் இது வந்தது. நம் பாய்லருக்கும் இப்படி ஒன்று வேண்டும், ஈயத்துக்குப் பதில் விளையாட்டின் மின்கம்பியான ரெட்ஸ்டோனில்.

முதலில் தண்ணீர் மூலத்துக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு சேமிப்புத் தொட்டி கட்டுங்கள். ரெயில்கிராஃப்ட் இரும்புத் தொட்டியில் சிறியது மூன்றுக்கு மூன்று, உயரம் நான்கு. கட்டத்துக்கு 16 பக்கெட் வீதம் 576 பக்கெட் கொள்ளும். சுவரில் இரண்டு கட்டத்தைக் கேஜாக வையுங்கள், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று நடந்துபோகும்போதே கண்ணில் படும். மேலே ஒரு வால்வில் தண்ணீர் வரட்டும், அடியில் ஒரு வால்விலிருந்து பாய்லருக்குப் போகட்டும்.

இனி கம்பி:

1. தொட்டியின் இன்னொரு வால்வை ஒட்டி ஒரு கம்பேரேட்டர். பின்பக்கம் வால்வைப் பார்க்க வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் 15, காலியானால் 0 என்று அது சமிக்ஞை தரும்.
2. கம்பேரேட்டரின் முன்பக்கத்திலிருந்து நேர்கோட்டில் 8 ரெட்ஸ்டோன் தூள். எட்டாவது தூள் ஒரு கல் கட்டத்தில் போய் முட்ட வேண்டும்.
3. அந்தக் கல்லின் மறுபக்கத்தில் ஒரு ரெட்ஸ்டோன் டார்ச்.
4. டார்ச்சை ஒட்டி, ஃபயர்பாக்ஸுக்குக் கரி ஊட்டும் ஹாப்பர். ஹாப்பர் டார்ச்சை மட்டும் தொட வேண்டும். கல்லையும் தூளையும் தொடக்கூடாது.

தூள் ஒவ்வொரு கட்டம் போகும்போதும் சமிக்ஞை ஒன்று குறையும். எனவே எட்டாவது தூள் எரிய வேண்டுமானால் கம்பேரேட்டர் குறைந்தது 8 தர வேண்டும், அதாவது தொட்டி ஏறக்குறைய பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் தூள் எரியும், டார்ச் அணையும், ஹாப்பர் திறந்திருக்கும், கரி போகும். பாதிக்குக் கீழே இறங்கினால் தூள் அணையும், டார்ச் எரியும், ஹாப்பர் பூட்டிக்கொள்ளும். தூளின் எண்ணிக்கைதான் உங்கள் அபாயக் கோடு. இன்னும் முன்னதாகப் பூட்ட வேண்டுமா, 12 தூள் போடுங்கள்.

'எதற்குத் தலைகீழாக ஒரு டார்ச், நேராகவே இணைக்கலாமே' என்று கேட்பீர்கள். ஹாப்பருக்கு ஒரு குணம்: சமிக்ஞை வந்தால் பூட்டும், வராவிட்டால் திறக்கும். நேராக இணைத்தால் தண்ணீர் இருக்கும்போது பூட்டும், இல்லாதபோது திறக்கும். அது மட்டுமல்ல. வெடிக்கும் கிரீப்பர் வந்து தூள் வரிசையில் நடுவில் ஒரு குழி பறித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஏற்பாட்டில் கம்பி அறுந்தாலும் டார்ச் எரியும், ஹாப்பர் பூட்டும், நெருப்பு அணையும். கெட்டுப்போனால் நல்ல பக்கமாகக் கெடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் போதும், வேறு மாட்களின் சென்சார்களை வைத்தும் இதையே கட்டலாம். குழாயில் பொருத்தும் பில்ட்கிராஃப்ட் கேட் வைத்திருப்பவர்கள் தொட்டியின் அளவை நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். ஹாப்பர் பூட்டினாலும் ஃபயர்பாக்ஸுக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கரி எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்குள் தொட்டியின் கீழ்ப்பாதித் தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாது. 36 டேங்க் உயர் அழுத்தப் பாய்லருக்கு அந்தக் கீழ்ப்பாதி, 288 பக்கெட், முழுச் சூட்டில் ஏறக்குறைய 53 நிமிடம் வரும். உள்ளே இருக்கும் கரி எரிந்து, பாய்லர் 100 டிகிரிக்குக் கீழே இறங்க அதைவிடக் குறைவான நேரம் ஆகிறதா? கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை அளந்து பாருங்கள். ஃபயர்பாக்ஸ் நிறையக் கரி இருக்கும்போது ஹாப்பரைப் பூட்டிவிட்டு உட்கார வேண்டும். நேரம் போதவில்லை என்றால் தொட்டியைப் பெரிதாக்குங்கள், அல்லது கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் கரிக் கட்டங்களை எரிக்காதீர்கள் என்கிறேன். ஒரு நிலக்கரித் துண்டு சாதாரண உலையில் 1,600 டிக், 80 வினாடி எரியும். நிலக்கரிக் கட்டம் 16,000 டிக், 13 நிமிடத்துக்கு மேல். பாய்லரில் அளவைப் பொறுத்து வேகம் மாறினாலும் பத்து மடங்கு வித்தியாசம் அப்படியே இருக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் பாதியில் நிறுத்த முடியாது. துண்டாகப் போட்டால் நெருப்பு சொன்னபடி கேட்கும்.

முதல் நெருப்பு

முதலில் தண்ணீர், பிறகு கரி. ஊரில் பழைய செம்புப் பாய்லரில் வெந்நீர் போட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நடுக்குழாயில் கரி போடுவதற்கு முன் புனலில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் விட்டால் அப்பத்தா வாயில் என்னென்ன வரும் என்று தெரியும்.

சேமிப்புத் தொட்டி நிரம்பட்டும். பாய்லருக்குள் தண்ணீர் நிறைந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். ஹாப்பரில் பத்துப் பதினைந்து கரி மட்டும் போடுங்கள். 100 டிகிரியைத் தாண்டியதும் நீராவி வரத் தொடங்கும். அப்போது நீராவி போகும் வழி சரியா, தண்ணீர் அளவு இறங்குகிறதா நிற்கிறதா என்று பாருங்கள். கரி தீர்ந்து தானே ஆறட்டும். ஒரு சுற்று இப்படி ஓடிய பிறகுதான் பெட்டி நிறையக் கரி.

அதற்கு முன் உலகத்தின் சேவ் கோப்புறையை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சர்வரில் ஆடுபவர்கள், அதே பாய்லரைத் தனியாக ஒரு கிரியேட்டிவ் உலகத்தில் கட்டி வெடிக்க வைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்தால் படுக்கையையும் பெட்டிகளையும் எங்கே வைக்கக் கூடாது என்று தானே புரியும். சுற்றி ஆப்சிடியன் சுவர் எழுப்புவது உங்கள் விருப்பம். நான் எழுப்பியிருக்கிறேன், ஆனால் பக்கத்துச் சங்க்கில் இருக்கும் என் நூலகத்துக்காக.

கிரெக்டெக் பாய்லர்

அடிப்படை விதி அதேதான்: சூடாக, வறண்டு, பிறகு தண்ணீர். வெண்கலப் பாய்லர் 500 டிகிரி வரை, எஃகுப் பாய்லர் 1000 வரை. ஒரே கட்டம் என்பதால் வெடி சிறியது, ஆனால் தொடக்கக் காலத்தில் அந்த ஒரு கட்டத்தைச் செய்யவே நாள் முழுக்க ஆகியிருக்கும். நீராவி நிரம்பினால் 'புஸ்' என்று வெளியே விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதீர்கள். சத்தமே வராமல் இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது.

நீராவியைப் பக்கவாட்டிலும் மேலும் தள்ளும், கீழே தள்ளாது. ஆகவே தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து கொடுத்தால் இரண்டும் கலக்கும் தொல்லை இல்லை. வறண்டுவிட்டால் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டு, ஆறும்வரை காத்திருக்கலாம். அவசரமென்றால் ரெஞ்சால் பாய்லரைக் கழற்றி மறுபடி வையுங்கள், சூடு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

கிரியேட் மாட் ஆடுபவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். அதன் பாய்லருக்குத் தண்ணீர் போதாவிட்டால் எஞ்சின் மெதுவாகும் அல்லது நிற்கும், வெடிக்காது. வெடிக்காத பாய்லரில் என்ன சுவாரசியம் என்று கேட்கும் ஆட்களும் எங்கள் சர்வரில் உண்டு. அவர்களுடைய எஞ்சின் அறை ஊருக்கு வெளியே இருக்கிறது.

கடைசிச் சோதனை

எல்லாம் கட்டி, பாய்லர் முழுச் சூட்டில் ஓடும்போது, துணிந்து தண்ணீர் மூலத்தை நீங்களே நிறுத்துங்கள். பம்பின் லீவரை அணைத்தால் போதும். தொட்டியின் கேஜைப் பாருங்கள். பாதிக்கு வரும்போது டார்ச் எரிகிறதா? ஹாப்பர் நிற்கிறதா? வெப்பநிலை இறங்கத் தொடங்குகிறதா? 100-க்குக் கீழே போகும்போது தொட்டியில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? நான்கும் ஆம் என்றால் லீவரைப் போடுங்கள். தொட்டி பாதியைத் தாண்டியதும் ஹாப்பர் தானே திறந்து கரியைத் தள்ளும்.

நடுவில் ஏதாவது ஒன்று பிசகினால் லீவரைப் போடாமல், மேலே முதல் பட்டியலுக்குப் போங்கள். வாளியைப் பெட்டிக்குள் போடுவதிலிருந்து தொடங்குங்கள்.